பதினாறடி வள்ளல்

கடையெழு வள்ளல்களோடு அந்தப் பரம்பரை முடிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தம் போன ஆகஸ்ட் கடைசியில் தீர்ந்தது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டில், எங்கள் டென்டுக்கு அடுத்த இடத்தில் எட்டாவது வள்ளல் ஒருவர் வந்து இறங்கினார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, தன் தேரைத்தான் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் தன் போர்வையைத்தான் கொடுத்தான். இவரோ தம் நாய்க்கு எங்கள் இடத்தை, எங்கள் தூக்கத்தை, எங்கள் ராத்திரிச் சாப்பாட்டை அள்ளிக் கொடுத்தார். பழைய ஏழு பேருக்கும் கை அவ்வளவு நீளமில்லை.

நாய் என்று எழுதிவிட்டேன், தப்பு. சாம்பார்ப் பொடி டப்பாவை எங்கே வைத்தாய் என்று என் மனைவி என்னைப் பார்த்துக் கத்தியதைக் கேட்டுத்தான் அவர் முதலில் வந்தார். "தமிழா சார்? நாங்களும்தான். ஃப்ரீமான்ட்." கை குலுக்கினோம். "உங்க நாய் நல்லா இருக்கு" என்றேன், ஒரு மரியாதைக்கு. அவர் முகம் வாடிப்போயிற்று.

"நாய்னு சொல்லாதீங்க சார். அவன் எங்க வீட்டுப் பையன்."

அத்தோடு நானும் திருத்திக்கொண்டேன். பெயர் கூப்பர், ஜாதி கோல்டன் ரெட்ரீவர், எடை முப்பத்தைந்து கிலோ, உறவு பையன்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: வளர்ப்புப் பிராணியைக் கட்டியிருக்கும் கயிறு 6 அடிக்கு மேல் போகக் கூடாது. அந்த நீளத்துக்குள் இருந்தால்தான் நாய் கைக்கு அடங்கும், மானை விரட்டாது, கொயோட்டிக்கும் மலைச்சிங்கத்துக்கும் இரையாகாது. நம் வள்ளல் கையில் இருந்ததோ, பொத்தானை அழுத்தினால் டப்பாவுக்குள்ளிருந்து உருவிக்கொண்டே வரும் வகை. முழு நீளம் 16 அடி. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்று நம் பாட்டிமார் சொன்னது எதைப் பார்த்து என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சட்டம் கொடுத்த 6 அடி அவருக்கு, மேற்கொண்டு 10 அடி ஊருக்கு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவர் தார்ச் சாலையில் உலாத்துவார். கூப்பர் எங்கள் மேசைக்கு அடியில் உலாத்துவான். டென்டின் முளைக்குச்சிகளில் மூன்றை முதல் நாள் சாயங்காலமே காலைத் தூக்கி அங்கீகரித்துவிட்டான்.

அந்த இடம் சும்மா கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி காலை சரியாக 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். சில நிமிஷங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். ஏப்ரல் 15 அன்று நானும் மனைவியும் ஆளுக்கொரு லேப்டாப்போடு ஆறரைக்கே பல் தேய்க்காமல் உட்கார்ந்து, தட்டி, தவறவிட்டு, மறுபடி தட்டி, மூன்று ராத்திரி வாங்கினோம். கூப்பர் எந்தப் பொத்தானையும் தட்டவில்லை. ஆனாலும் எங்கள் இடத்தில் அவனுக்குப் பாத்தியதை இருந்தது. வள்ளலின் கருணை அப்படி.

என் மகளுக்கு ஆறு வயது. முப்பத்தைந்து கிலோ பாய்ந்து வந்து முகத்துக்கு நேரே மூச்சு விட்டதும் மேசைமேல் ஏறி நின்று அலறினாள். வள்ளல் பதறவில்லை. நாய் வளர்ப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஓதும் மந்திரத்தை ஓதினார்: "ஒண்ணும் பண்ண மாட்டான்." பிறகு குழந்தைக்கு உபதேசம்: "பயப்படக் கூடாதும்மா. பயந்தா அவனுக்குத் தெரிஞ்சுடும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நாடி பிடித்துப் பார்க்கிற டாக்டரைப் போலக் கேட்டார்: "பாப்பாவுக்கு இந்தப் பயம் எத்தனை நாளா இருக்கு?" கட்டிப்போட வேண்டியது நாயை என்று அதுவரை நினைத்திருந்தோம். வைத்தியம் பார்க்க வேண்டியது பிள்ளைக்கு என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெரிய மனுஷர் வேண்டியிருந்தது.

சனிக்கிழமை ராத்திரி கோழி. இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு அரைத்து வீட்டிலேயே புரட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்த பன்னிரண்டு கால்கள். கம்பி வலையில் வைத்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, திருப்பித் திருப்பிச் சுட்டேன். தட்டில் அடுக்கிவிட்டுத் தண்ணீர் பிடிக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது தட்டில் ஏழு. டப்பாக் கயிறு மேசை மேலாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் மறுமுனையில் வள்ளல் போன் பேசிக்கொண்டிருந்தார். போனை அணைத்துவிட்டு ஓடிவந்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நானும் "பரவாயில்லைங்க" என்பதை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன்.

"ஐயோ, வெங்காயம் போட்டிருக்கீங்களா? வெங்காயம் விஷம் சார்!"

உண்மைதான். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சுட்ட கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இத்தனையும் தெரிந்த மனிதர் அவர். தெரியாதவன் நான். "பக்கத்துல ஒரு பையன் இருக்கான்னு தெரிஞ்சும் தட்டைத் திறந்து வெச்சா எப்படி சார்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன், நான்தான் கேட்டேன். என் மனைவி மட்டும், "உங்க பையன் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கலாமே" என்றாள்.

"என்னங்க நீங்க... நாய்தானே, அதுக்கு என்ன தெரியும்?"

வாழ்நாளெல்லாம் தவம் கிடந்தாலும் அறுபடாத பாசத்தை அவர் ஒரு நொடியில் அறுத்தெறிந்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

மறுநாள் வள்ளல் குடும்பத்தோடு மிஸ்ட் டிரெயில் வழியாக வெர்னல் அருவிக்குக் கிளம்பினார். அந்தப் பாதையில் நாய்க்கு அனுமதி இல்லை. யோசெமிட்டியில் நாய் போகக்கூடியது பெரும்பாலும் தார்ச் சாலையும் சைக்கிள் பாதையும் கேம்ப்கிரவுண்டும்தான். சட்டத்தை மதித்து அவர் கூப்பரை அழைத்துப் போகவில்லை. மேசைக் காலில் கட்டிவிட்டுப் போனார். ஆளில்லாமல் கட்டிப்போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதும் சட்டம்தான். இரண்டையும் ஒரே நாளில் மதிப்பது யாருக்கும் சிரமம். பத்தரைக்குக் குரைக்க ஆரம்பித்தவன் ஒன்றரை வரைக்கும் நிறுத்தவில்லை. முதல் ஒரு மணி நேரம் கோபமாக இருந்தது. அப்புறம் அந்தக் குரல் மாறிப்போயிற்று. குரைப்பு என்று அதைச் சொல்ல முடியாது. நாய் என்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறவள் என் மனைவி. அவள்தான் எழுந்து போனாள். கயிறு மேசைக் காலை நாலு சுற்றுச் சுற்றி, கழுத்துக்கும் காலுக்கும் நடுவில் ஒரு முழம்தான் மிச்சம். தண்ணீர்க் கிண்ணம் எட்டாத தூரத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சுற்றைப் பிரித்துவிட்டு, எங்கள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். மூச்சுவிடாமல் குடித்துவிட்டு அவள் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான். கூப்பரைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத நினைத்ததும் அவனைப் பற்றி இல்லை.

இரண்டு மணிக்கு வள்ளல் வந்தார். நனைந்த சட்டையும் பூரித்த முகமுமாக, "சமத்தா இருந்தானா? அவன் குரைக்கவே மாட்டான் சார்" என்றார். பொய் இல்லை. அந்த நாய் குரைத்து ஒரு தடவைகூடக் கேட்டிராத ஒரே ஆள் அந்தக் கேம்ப்கிரவுண்டில் அவர்தான்.

எதிர்ச் சாரியில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். அவர்களிடமும் ஒரு நாய் இருந்ததாம், கறுப்பாக. ஆறடிக் கயிறு, குழந்தைகளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விடுவது, தனியே விடாமல் ஒருவர் மாற்றி ஒருவர் கூடவே இருப்பது என்று வாழ்ந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள்தான் அங்கே ஒரு நாய் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. எழுதுகிறவனுக்கு இவர்களால் காலணா பிரயோஜனம் இல்லை.

வள்ளலின் ஈகை வீட்டுப் பிராணியோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது; அரிசி, பிஸ்கட், பற்பசை என்று வாசனை உள்ள எல்லாம் அதற்குள் போகவேண்டும். நாய்த் தீனியும் அதில் சேர்த்தி. தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் போடலாம். 1998இல் ஒரே ஆண்டில் இந்தப் பூங்காவில் 1,500க்கும் மேல் கரடிச் சம்பவங்கள் நடந்து, கார்க் கதவுகளெல்லாம் அப்பளம்போல நொறுங்கிய பிறகு கடுமையாக்கியது இது. மனிதச் சாப்பாட்டை ருசி பார்த்துப் பழகிய கரடி, கடைசியில் ரேஞ்சர் கையால் சாகவேண்டி வரும். நம்மவர் கூப்பரின் கிண்ணத்தை நிறைய ரொப்பி வெளியே வைத்தார். "நடுராத்திரியில அவனுக்குப் பசிக்கும்." கரடிக்கும் பசிக்குமே என்று நினைத்திருக்கலாம், நல்ல மனசு. பதினோரு மணிக்கு ஒரு ரேஞ்சர் டார்ச் அடித்துக்கொண்டு வந்து கிண்ணத்தைக் கையில் கொடுத்து, பணிவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். காலையில் வள்ளல் என்னிடம், "இந்த ஊர்ல மனுஷனுக்குச் சுதந்திரமே இல்ல சார்" என்றார்.

அணில் வளைகளைக் கூப்பர் தோண்டுவதை அவர் தடுத்ததே இல்லை. 2015 ஆகஸ்டில் இதே பூங்காவின் கிரேன் ஃப்ளாட் கேம்ப்கிரவுண்டைச் சில நாள் மூடிவைத்து, அணில் வளைகளில் மருந்து அடித்தார்கள். பிளேக். அணில் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி நாய் மேல் ஏறும், நாய் மேலிருந்து டென்டுக்குள் ஏறும். தொற்றுநோய் ஆராய்ச்சியில் அவருக்கு இருந்த ஈடுபாட்டை நான் புரிந்துகொள்ளவில்லை.

காலைக்கடன் விஷயத்தில் அவரைக் குறை சொல்லவே முடியாது. தவறாமல் அள்ளுவார். நீலப் பை, அழகான முடிச்சு. அதைப் பைன் மரக் கிளையில் தொங்கவிட்டு, "வரும்போது எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை வரம் கேட்டு ஆலமரத்தில் தொட்டில் கட்டுவார்களே, அந்த மாதிரி. அள்ளாமல் விட்டால் மழையில் கரைந்து மெர்சிட் ஆற்றுக்குப் போயிருக்கும். கட்டித் தொங்கவிட்டால் ஆற்றுக்கும் போகாது, குப்பைத் தொட்டிக்கும் போகாது. மூன்று நாளில் நாலு தொட்டில். கொலராடோவில் ஜெஃபர்சன் கவுண்டிக்காரர்கள், நாய் மலம் அள்ளும் தேவதை என்று யாரும் கிடையாது என்று ஊருக்கே பிரச்சாரம் செய்தார்கள். அது தப்பு. கடைசி நாள் காலை ஆறு மணிக்குக் கையில் பிளாஸ்டிக் உறையோடு தேவதை வந்தாள். மீசை வைத்திருந்தாள். நான்தான்.

சாமான் கட்டும்போது பேச வந்தார். "அடுத்த வருஷம் யெல்லோஸ்டோன் சார். கூப்பருக்கு வெந்நீர் ஊற்று காட்டணும்."

இந்த ஓரிடத்தில் மட்டும் எனக்குப் புகழ வாய் வரவில்லை. 1981 ஜூலையில் யெல்லோஸ்டோனில் ஒரு வண்டியிலிருந்து தப்பிய நாய், செலஸ்டீன் பூல் என்ற சுனையில் பாய்ந்தது. தண்ணீரின் சூடு 90 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதைக் காப்பாற்ற 24 வயதுப் பையன் ஒருவன் தலைகீழாகக் குதித்தான். நாய் அவனுடையதுகூட இல்லை, நண்பனுடையது. நாய் சுனையிலேயே செத்தது. அவன் மறுநாள் ஆஸ்பத்திரியில். 2021 அக்டோபரில் இன்னொரு சுனையில் தன் நாயைத் தேடி இறங்கிய 20 வயதுப் பெண் தோள் முதல் பாதம் வரை வெந்துபோனாள். அங்கே ஊற்றுகள் இருக்கும் பக்கம் நாயைக் கூட்டிப்போகவே கூடாது. இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அதெல்லாம் ட்ரெய்ன் பண்ணாத நாயா இருக்கும் சார்" என்றார். அந்நேரம் கூப்பர் எங்கள் காருக்கு அடியில் என் மகளின் ஒற்றைச் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

விடைபெறும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி அட்ஜஸ்ட் பண்ற ஃபேமிலி கிடைக்கிறது கஷ்டம். அடுத்த தடவையும் பக்கத்துப் பக்கத்து சைட்டாவே போட்டுடலாம் சார்."

முன்பதிவு வரும் 15ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கிறது. அவர் எந்த வாரத்துக்குப் போடப்போகிறார் என்று ஃப்ரீமான்ட் பக்கத்து வாசகர்கள் யாருக்காவது தெரிந்தால், தயவுசெய்து முந்தின நாளே எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வாரம் நாங்கள் வீட்டிலேயே இருக்கிறோம்.