நான்கு ‘இல்லை’யும் ஒரு தூதும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் முட்டிக்கொண்டது. தளபதியைத் தூது அனுப்பினால் கைகலப்பாகும் என்று நினைத்தானோ என்னவோ, ஔவையாரை அனுப்பினான் அஞ்சி.

தொண்டைமான், வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டினான், கிரகப்பிரவேசத்தில் மாடுலர் கிச்சனைக் காட்டுகிற மாதிரி. வேலுக்கெல்லாம் மயிற்பீலி, மாலை, மேலே நெய்ப்பூச்சு வேறு. ஔவை நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘ஆஹா, என்ன பளபளப்பு! எங்கள் ஆளுடைய வேல்கள் பகைவரைக் குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன’ என்கிற பொருளில் ஒரு பாட்டுப் பாடினார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. தொண்டைமானைப் பார்த்து ஒரு ‘இல்லை’, ஒரு ‘முடியாது’ கிடையாது. பாட்டில் வருகிற ‘இல்லை’கூடச் சொந்த மன்னன் பக்கத்தைப் பற்றியதுதான்!

வெள்ளைக்காரர்கள் கதை வேறு. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் வரும் குதிரை வீரனைப் புகழ நான்கு எதிர்மறைகளை ஒரே மூச்சில் அடுக்கினார். ‘யாரிடமும் எப்போதும் எதுவும் தப்பாகப் பேசாதவர்’ என்று ஊரே புரிந்துகொண்டது. கூட்டிக் கழித்துப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. 1710இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட், சொற்களை வெட்டிச் சுருக்குகிறவர்களை டாட்லர் இதழில் வறுத்தெடுத்தார். 1760களில் ராபர்ட் லௌத் என்கிற பாதிரியார், இரண்டு எதிர்மறை ஒன்றையொன்று அடித்துவிடும் என்று இலக்கண நூலில் கணக்குப் போட்டார். பின்னாளில் அவர் லண்டன் பிஷப்பே ஆகிவிட்டார், அப்பீலுக்கு வழியில்லை.

1792இல் தகடூர் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ தருமபுரியில் (பழைய தகடூர்தான்) வந்து குடியேறினார். வரிக் கணக்கோடு இங்கிலீஷும் வந்தது. அதன் பலன், இன்று அதியமான்கோட்டைப் பிள்ளைகள் ‘டோன்ட் நோ நத்திங்’ என்று எழுதினால் சிவப்பு மை. கட்டுரையில் ‘டோன்ட்’ போட்டாலும் சிவப்பு மை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை ‘வந்துட்ருக்கேன்’ ஆக்கி, அப்பாஸ்ட்ரஃபி ஏதுமில்லாமல் விழுங்குகிற ஊருக்கு இந்தத் தண்டனை!

பிள்ளைகளே, பரீட்சையில் லௌத்தும் ஸ்விஃப்ட்டும் சொன்னபடி எழுதுங்கள்: ஒரு வாக்கியத்துக்கு ஒரு ‘நாட்’, அதையும் முழுசாக. மார்க் அவர்கள் கையில். ஆனால் ஒருவரை மூக்குடைக்க ‘நாட்’ எதற்கு? நாலு வார்த்தை பாராட்டிவிட்டு வாருங்கள். அதில் ஔவையை மிஞ்ச ஆளில்லை.