நட்பிளேட்டுப் பொருத்த விளக்கம்

வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுவோரை மரை கழன்றவர்கள் என்று அக்கம்பக்கத்தார் பேசுவது உலக வழக்கு. உண்மையில் மரை கழலாமல் பார்த்துக்கொள்வதே அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி.

ஆய்வுக்குரிய பொருள் நட்பிளேட். தகட்டுக்குப் பின்னால் கை போகாத இடங்களில், இரண்டு பொடி ரிவெட்டுகளால் நிரந்தரமாக அறையப்பட்ட நட் இது. முன்பக்கமிருந்து ஸ்க்ரூவை முடுக்கினால் போதும். ஆரிகன் மாநிலத்து அரோராவிலிருந்து வரும் வேன்ஸ் ஆர்வி விமானக் கிட்டில் இவை நூற்றுக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் 6-32, 8-32, 10-32 என மூன்று சாதி. முதல் எண் பருமனைக் குறிக்கும். இரண்டாவது, அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது.

பிட்ச், அதாவது மரையின் நெருக்கம், பொருந்தினால் ஸ்க்ரூ பொருந்தும் என்பார் ஒரு சாரார். மரையின் பல்லில் பிட்ச் கேஜை வைப்பர். 32 என்றதும் நிம்மதியாவர். அது பொருந்தாது. என்னை? மூன்றுக்கும் 32தான். விட்டம் மட்டுமே வேறு: 0.138, 0.164, 0.190 அங்குலம். படிக்குப் படி வித்தியாசம் 0.026 அங்குலம். பிட்சை மட்டும் பார்ப்பது, பத்தில் ஒரு பொருத்தம் பார்த்துவிட்டு மண்டபம் பிடிப்பதற்கு ஒப்பாகும்.

இந்த 0.026ஐ அற்பம் என்பார்க்கு மேற்கோள் ஒன்று உண்டு. 1990 ஜூன் 10, பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. புறப்படுவதற்கு 27 மணி நேரம் முன்பு விமானியின் முன்கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியதை எடுத்தார் பணியாளர். 90 போல்ட்டில் 84, 10-32 இருக்கவேண்டிய இடத்தில் 8-32. பிட்ச் அப்பழுக்கில்லாமல் பொருந்தியது. 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று; கேப்டனின் பாதி உடல் வெளியே. சிப்பந்திகள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் பிழைத்தார்கள், கேப்டன் உட்பட.

“கை சொல்லிவிடுமே” என்பது இரண்டாம் கட்சி. இதுவும் தேறாது. அதிர்வில் கழலாதிருக்க நட்பிளேட்டின் வாயைக் கம்பெனியிலேயே சற்று நசுக்கி நீள்வட்டமாக்கி அனுப்புகிறார்கள். ஆகவே சரியான ஸ்க்ரூ இரண்டு சுற்று சுகமாகப் போய், பிறகு முரண்டு பிடிக்கும். பிட்ச் தவறிய ஸ்க்ரூவும் அச்சு அசலாக அப்படியே முரண்டும். ஒல்லி ஸ்க்ரூவோ தளர்வாக நுழைந்து, பிடித்த மாதிரி பாவனையும் செய்யும். கைக்கு எது இதமோ அதுவே ஆக மோசம் என்று கொள்க. முரண்டைத் தாங்காமல் மரை வெட்டும் டேப்பை விட்டு வாயை அகலமாக்குவோரும் உளர்; பூட்டை உடைத்துவிட்டுத் தாழ்ப்பாள் சுலபமாகத் திறக்கிறது என்று மகிழும் கூட்டம் அது. கொஞ்சம் மெழுகு தடவினாலே வேலை நடக்கும்.

மூன்றாம் கட்சியார் வெர்னியர் ஏந்தி வருவர். விட்டம் 0.190, ஆகவே சரி என்பர். ஆனால் அமெரிக்க ஹார்ட்வேர் கடைகளில் மலிந்து கிடக்கும் 10-24க்கும் விட்டம் அதேதான். முடுக்கினால் இறுகும், விடாமல் முடுக்கினால் ரிவெட் அறுந்து நட்பிளேட்டும் சேர்ந்து சுற்றும். அப்புறம் ஸ்க்ரூவின் தலையை ட்ரில் போட்டு எடுக்கவேண்டியதுதான். எனவே வெர்னியரும் கேஜும் இரண்டும் வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

இரண்டும் பார்த்துத் தெளிந்து கேட்லாக்கைப் புரட்டினால், 6க்கு கே1000-06, 8க்கு கே1000-08, 10க்கு மட்டும் கே1000-3 என்றிருக்கும். 3/16 அங்குலத்தின் 3 அது. அதில் ஏறும் போல்ட்டுக்கும் ஏஎன்3 என்றே பெயர். 3/16 என்பது 0.1875 அல்லவா, 0.190 எங்கே வந்தது என்று வழக்காட விரும்புவோர் முதலில் எரிபொருள் டேங்க்கின் ரிவெட்டுகளை அடித்து முடித்துவிட்டு வரட்டும்.