மகோகனி வாங்கின மகராசனுக்கு

ஏலே பேராண்டி, கிட்டார் வாங்கியிருக்கியாமே. மேல்பலகை மகோகனி, முதுகு மகோகனி, விலா மகோகனி, கழுத்தும் மகோகனியாம். ஒண்ணரை லட்சமாம். ரொம்ப சந்தோசம். வீட்டு நிலைவாசலுக்குத் தேக்கு போடச் சொன்னப்ப, வேம்பே போதும்னு எங்கிட்ட ரெண்டு நாள் பேரம் பேசினவன் உங்கப்பன். அவனுக்குப் பொறந்த நீ பாட்டுப் பெட்டிக்கு இம்புட்டு மரம் பாத்திருக்க. குலம் முன்னேறுது.

இந்தக் கிழவனுக்கு இதுல என்ன தெரியும்னு நினைக்காத. கோயில் பாடகர் குழுவுல எவன் கிட்டாருக்கு பிரிட்ஜ் பேந்தாலும் இந்தப் பட்டறையிலதான் ஒட்டியாகணும். மத்த கிட்டார்க்காரன் எல்லாம் ரிப்பேருக்கு வருவான். மகோகனிக்காரன் பேசுததுக்கு வருவான். ஸ்ப்ரூஸ் மேல்பலகை வாங்கினவன் வாசிப்பான், இவன் வர்ணிப்பான். இன்னைக்கு ‘வார்ம்’ம்பான், நாளைக்கு ‘ட்ரை’ம்பான். ஏசி மெக்கானிக்க அனுப்பட்டுமாடேன்னு கேட்டா கோவிச்சுக்கிடுவான். நீயும் வருவ. அதனால, வரதுக்கு முன்னாலயே நாலு புத்தி சொல்லி வைக்கேன்.

மொதல்ல, அது எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கோ. மார்ட்டின் கம்பெனி இருக்கது நாசரேத்துல. நம்ம நாசரேத் இல்லலே, பஸ்ஸ புடிச்சிராத. அது அமெரிக்காவுல, பென்சில்வேனியா நாசரேத். ஜெர்மனியில இருந்து கப்பலேறிப் போன மார்ட்டின் 1833ல ஆரம்பிச்ச தொழிலு. அங்கன 1922ல 2-17ன்னு ஒரு சின்ன கிட்டார் போட்டாங்க. பூரா மகோகனி. அதுவரைக்கும் குடல் நரம்புதான் வழக்கம். ஸ்டீல் கம்பிக்குன்னே ஒழுங்கா வடிச்சு வித்த மொத மார்ட்டின் அதுதான். ஹவாய் பாட்டுக்கு அமெரிக்காவே கிறங்கிக் கெடந்த காலம். உகுலேலேய அவங்க 1916ல இருந்தே மகோகனியில செஞ்சு வித்தவங்க, மரம் கைக்குப் பழகினது. ஓரத்துல சிப்பி வேலை கிடையாது, பூ கிடையாது, அதனால வெல கம்மி. 1929ல பங்குச்சந்தை கவுந்து ஊரே முடங்கினப்ப, சாமானியன் கைக்கு எட்டின மார்ட்டின் இந்த ஜாதிதான். 1940ல 15ன்னு இன்னும் மொட்டையா ஒரு வரிசை வந்துச்சு. அதோட பேரப்பிள்ளைதான் இப்ப உன் மடியில இருக்கது. அன்னைக்கு இல்லாதவன் வேற வழியில்லாம வாங்கினான். இன்னைக்கு இருக்கவன், இல்லாதவனாத் தெரியணும்னு வாங்குதான். அந்த மொட்டைத் தனத்துக்குத்தான் நீ ஒண்ணரை லட்சம் குடுத்திருக்க, மறந்துராத.

1971ல வந்த ‘பிரைட்டர் லேட்டர்’ இசைத்தட்டு அட்டையப் பாத்திருப்ப. பாட்டுக்காரன் நிக் டிரேக் கையில ஒரு பொடிசு கிட்டார், கில்ட் எம்-20, அதுவும் முழு மகோகனி. அந்தப் படத்தப் பாத்துக் கிட்டாரையும் வாங்கி, மொகத்தையும் அப்படியே வச்சுக்கிட்டு ஒருத்தன் வந்தான். வீட்டுல எதும் துக்கமாடேன்னு கேட்டேன். “இல்ல தாத்தா, ஃபோக்”ன்னான். நீ மொகத்த உன் மொகமாவே வச்சுக்கோ. இதுவே போதுமான சோகம்.

இப்ப சத்தத்துக்கு வருவோம். ஸ்ப்ரூஸ் எடை கம்மி, விறைப்பு சாஸ்தி. லேசாத் தொட்டாலும் கணீர்ங்கும், ஓங்கி அடிச்சா ஓங்கிக் கேக்கும். மகோகனி கொஞ்சம் கனம். கம்பியத் தட்டினதும் அந்தச் சுரம் நேரா வந்து நிக்கும். மேல ஏறி மினுக்குத உபசுரங்கள மரமே பாதிய முழுங்கிரும். ஒரு அளவுக்கு மேல ஓங்கினா உன் மணிக்கட்டுதான் வலிக்கும், சத்தம் ஏறாது. கல்யாண வீட்டுல மூத்த தாய்மாமன் ஒரே சொல்லுல காரியத்த முடிச்சுட்டு வெத்தலையக் கையில எடுப்பாரே, அந்த வகை. கத்தச் சொன்னா துண்ட உதறித் தோள்ல போட்டுட்டுக் கெளம்பிருவாரு.

அதனால கிறிஸ்மஸ் பவனிக்கு அஞ்சு கிட்டார் போறப்ப நீ தாராளமா இதக் கொண்டு போ. ஒனக்கே கேக்காது. தப்பு அடிச்சாலும் எவனும் திரும்ப மாட்டான், ஒனக்கு அதுதான் தேவை. ஒருத்தர் பாட, நீ பக்கத்துல உக்காந்து வாசிச்சேன்னு வையி, அப்பத்தான் இதோட அருமை தெரியும். பாடுதவங்க தொண்டைக்கு மேல ஏறி மிதிக்காது. பதிவு பண்ணுத இடத்துலயும் இதுக்கு மரியாதை உண்டு, மைக்கு முன்னால அடக்கமா இருக்கும். தனியா வாசிக்கும்போதுதான் வினை. விரல் அரைகுறையா அமுங்கினா அரைகுறையாவே கேக்கும். உபசுரக் கூட்டத்துக்குள்ள ஓடி ஒளியலாம்னா கூட்டமே கிடையாது. நெறைய பேரு வித்துட்டுப் போனது இதனாலதான். கேட்டா, “கொஞ்சம் மந்தமா இருக்கு தாத்தா”ம்பான். எது மந்தம்னு நான் கேக்கது இல்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு. “மரம் தொறக்கணும் தாத்தா, தொறந்தா சத்தம் வரும்”னு காத்துக்கிட்டு இருக்கும். வாசிக்க வாசிக்க மரம் இளகும்ங்கது நெசமோ பொய்யோ, வாசிக்க வாசிக்க விரல் இளகும்ங்கது நெசம். இதுல ஒரு புத்திசாலி, கிட்டார ஸ்பீக்கருக்கு எதுக்க சாத்திவச்சு, ராத்திரி பூரா பாட்டு ஓடவிட்டுட்டுப் படுத்துட்டான். அதிர்வுல தொறக்குமாம். கிட்டார் முழிச்சுக் கச்சேரி கேக்குது, வாசிக்க வேண்டியவன் கொறட்டை விடுதான்.

கம்பி விசயத்துல உன் இஷ்டம். பாஸ்பர் பிரான்ஸ் போடு, ஒரு வாரத்துல பிடிக்கலன்னு எண்பது-இருபது பிரான்ஸ் போடு, அதுவும் பிடிக்கலன்னு மோனல் போடு. கம்பிக் கடைக்காரனுக்கும் பிள்ளகுட்டி இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. 12-53 லைட் செட்டு மாட்டினா, ஆறு கம்பியும் சேந்து எழுபது கிலோவுக்கு மேல இழுக்குது. அத தாங்குத பலகை மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது. உள்ள பெருக்கல் குறியா ரெண்டு கட்டை ஒட்டியிருக்க கண்டு தப்பிக்குது. அதனால பிரிட்ஜுக்குப் பின்னால இத்துனூண்டு வயிறு தள்ளத்தான் செய்யும். ஸ்கேல வச்சு அளந்துக்கிட்டு அழுதுகிட்டு வராத. உனக்குத் தள்ளியிருக்க அளவு அதுக்குத் தள்ளல.

மேல்பூச்சு பளபளன்னு இருக்காது. மகோகனியில பொடிப்பொடித் துளை உண்டு; அத அடைச்சுப் பாலிஷ் ஏத்தினா செலவு, அதனால அப்படியே மட்டா விட்டிருப்பான். முழங்கை படுத இடம் மட்டும் நாள்பட மின்னும். கறை விழுந்துட்டதா பதறிப்போய் ஒருத்தன், மிச்சத்தையும் தேச்சுச் சமன் பண்ணிருவோம்னு உப்புத்தாளோட வந்தான். கிட்டாரத் திருப்பிக் குடுத்தேன், உப்புத்தாள வச்சுக்கிட்டேன். நல்ல தாளு. கதவுக்கு ஆச்சு.

ஈரப்பதம் 45ல இருந்து 55க்குள்ள இருந்தா கிட்டார் சும்மா கெடக்கும். சென்னையில ஏசி ரூம்புல மாட்டி வச்சா விரல்பலகை சுருங்கும், ஃப்ரெட்டு சுருங்காது. ஓரத்துல நீட்டிக்கிட்டு நிக்கும், கைய ஓட்டினா அறுக்கும். நம்ம கடக்கரைக் காத்துல கெடந்தா பலகை ஊதும், கம்பி மேல ஏறும், அமுக்க முடியாது. பெட்டிக்குள்ள வை, ஈரம் பாக்க ஒரு மீட்டரும் வை. மீட்டர் வாங்கினவன் ஒருத்தன தெரியும், தினம் மூணு நேரம் பாப்பான். அவன் ஆத்தா படுக்குத ரூம்பு ரெண்டு மழையா ஒழுகுது, அதுக்கு மீட்டர் வரல போலருக்கு.

அப்புறம், இது அசல் மகோகனிதானான்னு ஒருநாள் சந்தேகம் வரும். வரட்டும். மத்திய, தென் அமெரிக்கப் பெரிய இலை மகோகனி 2003ல இருந்து சைட்டிஸ் பட்டியல்ல, அதாவது அழியப்போற மரம் மிருக வியாபாரத்துக்குக் கடிவாளம் போடுத சர்வதேசப் பட்டியல்ல இருக்கு. அறுத்த மரம் காகிதம் இல்லாம எல்லை தாண்டாது. அதனால பல கம்பெனி ஆப்பிரிக்கா சபேலியப் போடுது. சாய்ச்சுப் புடிச்சா வரிவரியா மின்னும், நல்ல மரம்தான். உன் கிட்டார்ல என்ன போட்டிருக்குன்னு போன ஞாயித்துக்கிழமை நீ காப்பி குடிக்கப் போனப்ப நான் பாத்துட்டேன். சொல்ல மாட்டேன். நீ இம்புட்டு வர்ணிக்கியே, கண்ண மூடிக் கேட்டு நீயே சொல்லு.

உங்க சித்தப்பன் வேற வரப்பு நெடுக மகோகனிய நட்டுட்டு, கிட்டார் கம்பெனிக்காரன் எப்ப வருவான்னு கேக்கான். பிஜித் தீவுல வெள்ளக்காரன் நட்ட மரம் இப்ப கிட்டாராப் போகுதுங்கது உண்மை. அவன் நம்பட்டும். ஆட்ட மட்டும் கட்டி வைக்கச் சொல்லு, கொழுந்து பூரா போயிருச்சு.

கழுத்துக்குள்ள இருக்க முறுக்குக் கம்பிய, போன்ல எவனோ சொன்னான்னு நீயாத் திருகாத. திருகிட்டுத்தான் வருவ, அது எனக்குத் தெரியும், கூலி ரெட்டிப்பு. வரும்போது கழத்தின பழைய கம்பியெல்லாம் சுருட்டிக் கொண்டா. பொடலங்காயில கல்லு கட்டித் தொங்கவிட ஆகும். பாடகர் குழு பையன் குடுத்த பாஸ்பர் பிரான்ஸ்ல கட்டினது காயி நேரா வந்திருக்கு. மோனல்ல இன்னும் கட்டிப் பாக்கல.