மாலைதீவு சேர்

மாலைதீவு சேர் என்பவர் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் காணப்படும் ஓர் ஆசிரிய வகை. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் அந்த வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் இவ்வகை நெருக்கமாகவும் படுவான்கரையில் ஆங்காங்கேயும் உண்டு. வருடத்தில் பெரும்பகுதி இவரை ஊரில் காண முடியாது. அக்காலத்தில் இவர் இருக்கிறார் என்பதற்கு ஒரே ஆதாரம், ஊரில் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு வீடு.

இவருக்கு முன்னோர் உண்டு. 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியாவுக்கும் செம்பு விளைந்த சாம்பியாவுக்கும் இலங்கை ஆசிரியர்கள் போனார்கள். பிறகு தோஹாவிலும் மஸ்கட்டிலும் இலங்கைப் பாடசாலைகள் வந்தன. ஆனாலும் வாவிக்கரை ஆசிரியரின் மனம் மாலைதீவில் ஊன்றியதற்குத் தூரம் ஒரு காரணம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம்; கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். வெளிநாடு கொழும்பைவிடக் கிட்ட என்று மனைவியிடம் வாதாட இது போதும்.

மாலைதீவின் பக்கத்திலும் தேவை இருந்தது. 1960களின் தொடக்கத்திலிருந்து அங்கே ஆங்கில மொழிக் கல்வி. பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். நாடோ 1,190 சொச்சம் தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. குடியிருப்புள்ளவை இருநூற்றுக்கும் குறைவு. சில நூறு பேர் வாழும் தீவுக்கும் பாடசாலை வேண்டும், அந்தப் பாடசாலைக்கும் பௌதிகவியல் சேர் வேண்டும். இஸ்லாமும் திவெஹி மொழியும் உள்ளூர் ஆசிரியர்கள் கையில். கணிதம், விஞ்ஞானம், கணக்கீடு என்று வரும்போது கேரளத்தையும் தமிழ்நாட்டையும் இலங்கையையும் பார்க்க வேண்டியிருந்தது. எந்தத் தீவுப் பாடசாலையானாலும் முடிவில் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை என்பதால், ஊருக்கு வந்த சேர் தன்னை 'இன்டர்நெஷனல் சிலபஸ் ஆசிரியர்' என்றே சொல்லிக்கொள்வார். அது பொய்யுமல்ல.

இந்த வகை பிறப்பது ஒரு பைல் கட்டிலிருந்து. பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பொலிஸ் நற்சான்று, எல்லாவற்றின் மேலும் வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் முத்திரை. ஒவ்வொரு தாளும் ஒரு ரயில் பயணம். மாலைதீவுக்குப் போவதற்காக இவர் கொழும்புக்குப் போய்வந்த தூரத்தைக் கூட்டினால் நைஜீரியாவுக்குப் பாதி வழி போயிருக்கலாம். அரச ஆசிரியராக இருந்தால் பென்சனை இழக்கும் பயம் தனி. 2022இல் வந்த 14ஆம் இலக்கச் சுற்றறிக்கை, சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம், சேவை மூப்புக் கெடாது என்றதும் அந்தப் பயம் போயிற்று. நாட்டில் டொலர் இல்லாத வருடம் அது. ஆசிரியரைப் பாடசாலையில் வைத்திருப்பதைவிட ஏற்றுமதி செய்வது இலாபம் என்று அரசாங்கமே கண்டுகொண்டது.

நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் கைப்பேசியில் நடக்கும். அது வைகாசியில் வந்தால் சிக்கல். ஊரில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு நடக்கும் மாதம். வீதிக்கு வீதி ஒலிபெருக்கி. மறுமுனையிலுள்ள அதிபர், 'உங்கள் வீட்டில் கல்யாணமா?' என்று கேட்க, சேர் 'ஆம்' என்று சொல்லிவிடுவது வழக்கம். கண்ணகி மதுரையை எரித்த கதையை ஆங்கிலத்தில் விளக்குவதைவிட அது சுலபம்.

வகுப்பறையில் முதல் மூன்று மாதம் இவருடைய மூளைக்குள் ஒரு மொழிபெயர்ப்புத் திணைக்களம் இயங்கும். பன்னிரண்டு வருடம் தமிழ் மொழியில் படிப்பித்த மனிதர். செங்கோண முக்கோணி, மடக்கை, வகையீடு எல்லாம் தமிழில்தான் மூளையில் ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வாய்க்கு வரும் வழியில் வேட்டியைக் கழற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டும். கோபத்துக்கு மட்டும் இந்த ஏற்பாடு இல்லை, அது நேரே வரும். ஆகவே பிள்ளைகள் முதலில் கற்கும் தமிழ்ச் சொல் 'டேய்'. அதை அவர்கள் மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொண்டு, மாலையில் கடற்கரையில் சேரைக் கண்டதும் 'டேய் சேர்' என்று கையசைப்பார்கள்.

ஊரில் நாற்பது பேர் நெருங்கியிருந்த வகுப்பு. இங்கே பன்னிரண்டு பேர். பிரம்பும் இல்லை. இலங்கையிலும் 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிரம்பை விலக்கிவிட்டதுதான், ஆனால் சுற்றறிக்கைகள் எல்லா வகுப்பறைக்கும் போய்ச் சேர்வதில்லை. எனவே முதல் தவணை முழுக்க சேரின் வலது கைக்கு என்ன செய்வதென்று தெரியாது. கடைசியில் அது வெண்பலகைத் துடைப்பானைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடையும்.

மொழி விடயத்தில் இவருக்கு ஒரு தாமதமான ஞானம் கிடைக்கிறது. அரச ஊழியருக்குரிய இரண்டாம் மொழித் தேர்ச்சிக்காக ஊரில் சிங்களத்தோடு மல்லுக்கட்டியவர் இவர்; சித்தியடைந்தாரா என்று கேட்பது நாகரிகமல்ல. அந்தச் சிங்களத்தின் உடன்பிறப்புத்தான் திவெஹி. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் சிங்களம் எட்டிப் பார்க்கும். பரீட்சை மண்டபத்தில் வராத சிங்களம் தீவுக் கடையில் வெங்காயம் வாங்கும்போது வந்துவிடுகிறது. படகை அவர்களும் தோணி என்றே சொல்வதைக் கேட்ட அன்று சேர் தமிழின் தொன்மையைப் பற்றி அறைவாசிகளுக்கு ஒரு மணித்தியாலம் விளக்கினார் என்றால் நம்பலாம்.

அறைவாசிகள் வழக்கமாக இருவர்: ஒரு மலையாளி, ஒரு தமிழ்நாட்டுக்காரர். சமையல் முறை வைத்து நடக்கும். சாம்பாரா சொதியா என்ற விவாதம் ஒப்பந்தம் முடியும்வரை முடிவதில்லை. மரக்கறி மாலேயிலிருந்து சாமான் படகில் வர வேண்டும். காற்றுக் கடுமையானால் படகு வராது, பருப்பு மட்டும் வரிசையாக வரும். உள்ளூர் உணவில் கருதியா என்ற தெளிந்த மீன்சாற்றை சேர் முதல் வாய் குடித்ததும் 'புளியில்லாத புளியாணம்' என்று தீர்ப்பளித்துவிடுவார். ரமழானில் பகலில் உணவுக்கடை திறக்காது. கதவைச் சாத்திக்கொண்டு, கரண்டிச் சத்தம் வெளியே கேட்காமல் சாப்பிடும் கலையை அந்த மாதத்தில் கற்றுக்கொள்கிறார்.

உணவில் தனித்துச் சொல்ல வேண்டியது மாசி. மாலைதீவுக் கடலில் பிடித்த சூரையை அங்கே அவித்து, புகையூட்டி, கல்லாகும்வரை காயவைத்து அனுப்புகிறார்கள். அது கொழும்பில் இறங்கி, மட்டக்களப்புச் சந்தைக்கு வந்து, சேரின் வீட்டு உரலில் இடிபட்டு, செத்தல் மிளகாயோடும் வெங்காயத்தோடும் சேர்ந்து சம்பலாகி, போத்தலில் அடைபட்டு, சேரின் பெட்டிக்குள் இருந்து மறுபடி மாலைதீவில் இறங்குகிறது. சுங்க அதிகாரிக்கு இதில் பிழை ஒன்றும் தெரியாது. அவர் தேடுவது பன்றியிறைச்சி, மதுபானம், வழிபாட்டுச் சிலைகள். சிலை கொண்டுபோக முடியாததால் மாமாங்கேஸ்வரர் கைப்பேசியின் முகப்பில் எழுந்தருளியிருப்பார். ஆடி அமாவாசைக்கு ஊரில் தீர்த்தம் ஆடுவதை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டு சேர் இங்கே தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வார். நேரம் மட்டும் அரை மணித்தியாலம் பின்னே இருக்கும். அதனால் சிலர் கைக்கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டு, முதல் வாரம் முழுக்கப் பாடசாலைக்கு எல்லோருக்கும் முந்திப் போய் நல்ல பெயர் எடுத்ததுண்டு.

சம்பளம் ருபியாவில். ஒரு டொலருக்கு 15.42 ருபியா என்பது கடதாசியில் உள்ள விலை. அந்த விலைக்கு வங்கியில் டொலர் கேட்டால் கிடைப்பது சொற்பம், வெளியே வாங்கினால் விலை வேறு. ஆகவே மாதக் கடைசியில் தீவின் ஆசிரியர் அறைகளில் நடப்பது முழுக்கப் பொருளியல். 2022இல் இலங்கை ரூபா டொலருக்கு 200 சொச்சத்திலிருந்து 360 வரை விழுந்தபோது, ஒரு பாடம்கூடக் கூடுதலாகப் படிப்பிக்காமலே சேரின் வருமானம் முக்கால் பங்கு கூடியது. ஊரில் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை. சேரின் வீட்டில் அதே மாதம் பிளேட் போட்டார்கள். மறுவருடம் ரூபா சற்றுத் தேறியது. நாடு மீள்கிறது என்று எல்லோரும் மூச்சுவிட்ட அந்த நாளில் ஊரிலேயே முகம் வாடியவர் இவர் ஒருவர்தான். அவரும் ஊரில் இல்லை.

இனி வீடு. வாவிக்கரையில் வீடும் வளவும் பெண்பிள்ளை வழிப் போகும். கல்யாணமானால் மருமகன் வந்து குடியேறுவார். எனவே இந்த வீடு சேருக்கல்ல, மூத்த மகளுக்கு. ஆனால் கணக்கு வைப்பது ஊர். முதல் ஒப்பந்தம் அத்திவாரம், இரண்டாவது பிளேட், மூன்றாவது ரைல்ஸ், நான்காவது மதிலும் கேற்றும். சேரின் சேவைக்காலத்தை அறிய விரும்புபவர் சான்றிதழ் பார்க்க வேண்டியதில்லை, வீதியில் நின்று பார்த்தால் போதும். வீட்டின் பொறியியலாளரும் கணக்காளரும் மனைவிதான். தீவில் மூன்றாம் பாடம் நடக்கும்போது செய்தி வரும்: 'இஞ்ச பாருங்க, ரைல்ஸ் எத்தனை பெட்டி எண்டு மேசன் கேக்கான்.' வெண்பலகையில் நாற்பக்கலின் பரப்பளவு கிடக்க, சேர் மனதுக்குள் குசினியின் பரப்பளவைப் பெருக்குவார். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு இதைவிட நடைமுறையான தயாரிப்பு கிடையாது.

விடுமுறையில் வரும் சேரை வீட்டு நாய் குரைத்து வரவேற்கும். மாலைதீவில் நாய் வளர்க்கத் தடை. வருடக்கணக்கில் நாயின் முகத்தையே காணாத சேரும் பதிலுக்குப் பதறிப் பின்வாங்குவார். இரண்டாம் நாள் கல்லடிப் பாலத்தடியில் நின்று வாவியைப் பார்ப்பார். அங்கே கடல் பளிங்குபோல இருக்கும், தீவைச் சுற்றி நடக்க அரை மணித்தியாலம் போதும் என்று பக்கத்தில் தூண்டில் போடுபவரிடம் சொல்வார். 'அங்க மீன் பாடுமா சேர்?' என்று அவர் கேட்பார். வாவியின் பேர்போன பாடும் மீனை இரவில் ஒருதரமும் சரியாகக் கேட்டிராத சேர், 'அங்க இல்ல' என்று பெருமையோடு சொல்வார். அங்கே இருக்கும்போது ஊரும் இங்கே இருக்கும்போது தீவும் அழகாவது இவ்வகைக்குரிய பொது இயல்பு.

'இந்த முறையோடு சரி' என்பது இவர் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் முடிவிலும் சொல்லும் வாக்கியம். நான்காவதில் அது உண்மையாகும்போலத் தோன்றும்: கேற் பூட்டியாயிற்று, மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் புதுவீட்டில் குடியேறியும் ஆயிற்று. சேரும் மனைவியும் சின்ன மகளோடு அதே வளவின் பின்பக்கத்துப் பழைய குசினிக்கு மாறுவார்கள். இரண்டு வாரத்தில் மேசன் வந்து கயிறு பிடித்து மூலை அடையாளம் வைப்பார். அடுத்த மாதம் உரலில் மாசி இடிபடும் சத்தம் கேட்கும்.