எல்லாம் ஆட்டோ, சார்!

எங்கள் காலத்தில் போர்க்கப்பலில் ரேடார் பார்க்க முதல் தகுதி, அடுத்தவன் தலையெண்ணெய் வாசனையைச் சகித்துக்கொள்வது. வெளிச்சம் விழாமல் இருக்கத் திரைக்கு மேல் ரப்பர் மூடி இருக்கும். முந்தைய வாட்சில், அதாவது காவல் முறையில், இருந்தவன் முகத்தைப் புதைத்த இடத்திலேயே நாமும் புதைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் படம் வந்துவிடாது. ரேடார் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் சூடேறச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையிலிருந்து அதிகாரி இரண்டு முறை கத்திவிடுவார்.

வட்டத் திரையில் ஒரு கோடு சுற்றும். மினுக்கும் புள்ளி கப்பலாக இருக்கலாம், அலையாக இருக்கலாம், மழையாகவும் இருக்கலாம். எது எதுவென்று சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம். மெழுகுப் பென்சிலால் ஒரு குறி, ஆறு நிமிடம் கழித்து மறு குறி. ஆறு நிமிடம் என்பது ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. அதனால் புள்ளி நகர்ந்த கடல்மைலைப் பத்தால் பெருக்கினால் நம்மை வைத்துப் பார்த்த வேகம் வரும். அதோடு நம் ஓட்டத்தையும் சேர்த்து முக்கோணம் போட்டால்தான் எதிர்க்கப்பலின் உண்மையான போக்கு பிடிபடும். சில சமயம் கணக்கு முடியும் முன்பே கப்பல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்!

இதில் இன்னொரு கூத்து உண்டு. ரேடார் அலை எதிரியிடம் போய்த் திரும்பி வந்தால்தான் நாம் அவனைப் பார்க்க முடியும். அவனுக்கோ அது ஒருவழி வந்து சேர்ந்தாலே போதும். நாம் அவனைக் காணும் முன்பே நம் சத்தம் அவன் கருவிக்குக் கேட்டுவிடும். ஆகவே பெரிய ரேடாரை அணைத்துவிட்டு, சரக்குக் கப்பல்களில் இருக்கும் ரகத்துச் சின்ன ரேடாரை மட்டும் ஓட்டுவார்கள். பீரங்கி சுமந்த கப்பலுக்குச் சரக்குக் கப்பல் வேஷம்.

சமீபத்தில் கடற்படை தினத்தையொட்டிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட கப்பல் ஒன்றில் ஏறினேன். ரப்பர் மூடியும் இல்லை, மெழுகுப் பென்சிலும் இல்லை. இளைஞர் ஒருவர் விரலால் புள்ளியைத் தொட்டார். போக்கு, வேகம், எத்தனை மைல் தூரம் வரை நெருங்கி வரும் என எல்லாம் எழுத்தில் வந்து நின்றன. கப்பல்கள் தம் அடையாளத்தை ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி அந்தக் கப்பலின் பெயரையும் சொன்னது.

“அலைக் கிளட்டரை எப்படிக் குறைக்கிறீர்கள்?” என்றேன்.

“எல்லாம் ஆட்டோ, சார்.”

அன்று கிளட்டரை, அதாவது அலைகள் திரையில் காட்டும் பொய்ப் புள்ளிகளை, அடக்கும் குமிழை அளவுக்கு மீறித் திருகினால், அலையோடு சேர்ந்து ஃபைபர் படகும் கட்டுமரமும் திரையிலிருந்து அழிந்துபோகும். அழித்தது நம் கைதான் என்ற பயமாவது இருந்தது. இன்று அதையே யாரையும் கேட்காமல் எந்திரம் செய்யக்கூடும். ஏஐஎஸ் சொல்லிவிடும் என்றும் இருக்க முடியாது. சர்வதேச விதி அதைக் கட்டாயமாக்கியது பெரிய கப்பல்களுக்குத்தான். கட்டுமரத்துக்காரர் தன் பெயரை யாருக்கும் ஒலிபரப்புவதில்லை.

நவீனம் இருந்தால் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2017 ஜூன் 17 அன்று ஜப்பான் கடலோரத்தில் ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற நாசகாரிக் கப்பல் சரக்குக் கப்பலோடு மோதியதில் 7 மாலுமிகள் இறந்தார்கள். ரேடார்களைச் சரியாக டியூன் செய்யவில்லை என்பது அந்நாட்டுக் கடற்படையே சொன்ன காரணங்களில் ஒன்று. 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகளிலோ, காவல் பற்றிய ஐந்தாம் விதி கண்ணையும் காதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற கருவிகளுக்கு வருகிறது.

தம்பிகளே, ஆட்டோ இருக்கட்டும். வாட்சுக்கு ஒரு முறையாவது அந்தக் குமிழைக் கையால் திருப்பிப் பாருங்கள். அப்படியே வெளியே வந்து கடலையும் ஒரு முறை பாருங்கள்.