புள்ளி பறிப்பது எப்படி?

கொழுந்து பறிக்கத் தெரிந்த குடும்பத்துக்குப் புள்ளி பறிப்பது பெரிய வேலையில்லை. தோட்டத்தில் நாளுக்கு இவ்வளவு என்று நோம் இருக்கிறது, அவுஸ்திரேலியாவிலும் நோம் இருக்கிறது. இங்கே கிலோ, அங்கே 65 புள்ளி. இங்கே நோம் குறைந்தால் அரைநாள் சம்பளமாக அரைப்பேராவது விழும். அங்கே 60 எடுத்தவருக்கு அரை விசா கிடையாது. 65 எடுத்தவருக்கும் வரிசையில் நிற்கத்தான் அனுமதி, கூட எடுத்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு பதுளை, பசறை, ஹப்புத்தளை, மடுல்சீமைப் பிள்ளைகள் கீழுள்ள படிகளில் ஏறலாம்.

படி 1: பிறந்த வருடத்தைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள்

வயது 25க்கும் 32க்கும் இடையில் இருந்தால் 30 புள்ளி. பட்டியலிலேயே ஆகப் பெரிய தொகை இதுதான், இதற்காக நீங்கள் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியதில்லை. 33இல் அது 25 ஆகும், 40இல் 15 ஆகும், 45 ஆனதும் கதவு மூடிவிடும். 1967இல் புள்ளி முறையைத் தொடக்கிவைத்த கனடாவிலும் 20 முதல் 29 வரை வயதுக்கு முழுப் புள்ளி, 45இல் பூச்சியம்.

கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்று கை தானாகச் சொல்ல இருபது வருடமாவது ஆகும் என்பார்கள். 25இல் கத்தி எடுத்தவருக்கு அப்போது சரியாக 45.

படி 2: வேலைக்கு நல்ல பெயராக வையுங்கள்

கனடா எல்லா வேலைகளையும் 0 முதல் 5 வரை ஆறு தட்டாகப் பிரித்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற வாசலில் 0 முதல் 3 வரை உள்ள தட்டுகளுக்கே இடம். அறுவடைத் தொழிலாளி 5ஆம் தட்டில் இருக்கிறார். ஆகவே ‘கொழுந்து பறிப்பவர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் வாங்கினால் அவுஸ்திரேலியாவில் படிப்புக்கு 15 புள்ளி உண்டு. அம்மா முப்பது வருடம் மலையேறிப் பறித்ததற்கு ஒன்றுமில்லை. கச்சான் காத்து வீசும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு வரும் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி விலை. அந்த மணத்தைக் கெடுக்கும் முற்றல் இலை எது என்று அம்மாவின் விரலுக்குத் தெரியும். விரலுக்குத்தான் தட்டு இல்லை.

இது ஏன் என்று விளங்க ஸ்டோருக்குள் போய்ப் பாருங்கள். காய்ந்த தூள் சல்லடைகளில் ஆடி ஆடி இறங்கும். பெரிது பிஓபி, அதைவிடச் சிறிது பிஓபிஎப், கடைசியில் விழுவது டஸ்ட். சல்லடைக்குத் தெரிந்தது பருமன் மட்டும். ருசி பார்க்கக் கொழும்பில் வேறு ஆள் இருக்கிறார், அவர் வாயில் ஊற்றிக் கொப்பளித்துவிட்டுத்தான் விலை சொல்வார். புள்ளி முறையில் சல்லடை உண்டு, கொப்பளிக்கும் ஆள் கிடையாது. போகட்டும், டஸ்ட்டில்தான் சாயம் அதிகம் இறங்கும் என்பது தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும்.

படி 3: ஆங்கிலம் பேசுங்கள், ஆனால் நம்முடையதை அல்ல

தோட்டத்து ஆட்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஆங்கிலம் பேசுகிறார்கள். ‘லைன்’ லயமாயிற்று, ‘பரேட்’ பெரட்டாயிற்று, ‘கிளார்க்’ கிளாக்கரானார். இதற்குப் புள்ளி கேட்க வேண்டாம். ஐஈஎல்டிஎஸ் பரீட்சையில் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் அவுஸ்திரேலிய வாசலில் நிற்கலாம், புள்ளி இல்லை. 7க்கு 10, 8க்கு 20. தமிழுக்கும் 5 புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையில் மாறி மாறி மொழிபெயர்க்கும் தனிப் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் அது கிடைக்கும்.

படி 4: பத்துப் பொருத்தம் பாருங்கள்

கல்யாணம் ஆகாதவருக்கு 10 புள்ளி. ஆனவருக்கு, துணையும் வயது, தொழில், ஆங்கிலம் மூன்றிலும் தேறினால் 10, ஆங்கிலம் மட்டும் என்றால் 5, ஒன்றுமில்லை என்றால் பூச்சியம். ஆக, பத்துப் பொருத்தத்துக்குப் பத்துப் புள்ளி. தரகர் ஜாதகம் நீட்டும்போது ஐஈஎல்டிஎஸ் பெறுபேற்றையும் கேட்டு வாங்குங்கள். செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு, 5.5க்குக் கிடையாது.

படி 5: காகிதம் சேருங்கள்

என் அப்பா பிறப்புச் சான்றிதழில் ராமய்யா, அடையாள அட்டையில் ராமையா, சேமலாப நிதிப் புத்தகத்தில் ராமசாமி. மூவரும் ஒரே காம்பராவில்தான் இருந்தார்கள். காம்பராவுக்கு வீட்டு எண் இல்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து மனமிருந்தால் மலைக்கு வரும்.

காகிதம் காட்டுவது நமக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண் பொறித்த தகரச் சீட்டோடு இந்தியாவிலிருந்து வந்தோம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும், 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. 1948 குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும், அப்பாவோ அல்லது தாத்தாவும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949 சட்டம் கல்யாணமானவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டச் சொன்னது. கவனியுங்கள், அன்றைய சலுகை கல்யாணமானவருக்கு, இன்றைய சலுகை ஆகாதவருக்கு. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது, தேறியவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். 1964 ஒக்டோபர் 30இல் இரண்டு பிரதமர்கள் தலைகளை எண்ணிப் பிரித்தார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, 150,000 பிறகு பார்க்கலாம். எஞ்சியவர்களின் கணக்கைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இத்தனை அனுபவத்துக்கு எந்த நாடாவது 5 புள்ளி தந்திருக்கலாம்.

படி 6: 650 நாள் சாப்பிடாமல் இருங்கள்

அவுஸ்திரேலிய விசாக் கட்டணம் மட்டும் 4,500 டாலருக்கு மேல். அவுஸ்திரேலிய டாலர் 195 ரூபாய் என்று வைத்தால் 877,500 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் அது 650 நாள் வேலை. தொழில் மதிப்பீடு, பரீட்சை, மருத்துவச் சோதனை, விமானச் சீட்டு எல்லாம் கைக்காசில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பகிடி இல்லாமல் இரண்டு வார்த்தை. புள்ளி வாங்கித் தருகிறேன் என்று யாராவது லயத்துக்கு வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், விற்பதற்கு யார் கையிலும் புள்ளி இல்லை. பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் கனடா ஐந்து வருடத்துக்குக் கதவைச் சாத்திவிடும். இரண்டாவது, ஐஈஎல்டிஎஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் பிரதேச செயலகத்துக்குப் போய், வீட்டில் எல்லோருடைய பெயரையும் ஒரே எழுத்தில் திருத்திக்கொள்ளுங்கள். விசா வராமல் போனாலும் அந்தச் செலவு வீணாகாது. நாம் நிற்கும் மண்ணுக்கு என்றைக்காவது காணி உறுதி எழுதினால், அன்றைக்கும் அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள்.