இல்லாதவருக்கு அபராதம்

கையில் காசில்லாதவரிடம் காசு வாங்குவது கஷ்டம் என்பார்கள். நம் வங்கிகள் பல அதைப் பொய்யாக்கிவிட்டன. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையா? அபராதம். அபராதத்தால் இருப்பு இன்னும் குறைந்துவிட்டதா? அடுத்த மாதமும் அபராதம். கூடவே 18 சதவீத ஜிஎஸ்டி. நீங்கள் ஏழையாக இருப்பதும் ஒரு சேவைதானே!

நல்லவேளை, இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லி, அது 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. பூஜ்யத்துக்குக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்த கருணைக்கு நன்றி.

கிரெடிட் கார்டு இன்னும் சுவாரஸ்யம். கேட்காமலே ஒரு கார்டு வரும். அதற்கு ஆண்டுக் கட்டணம் வரும். கட்டாவிட்டால், கடன் தகவல் நிறுவனமான சிபிலின் அறிக்கையில் நீங்கள் கடன் தவறியவர். 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணில் சறுக்கியபின், வீட்டுக் கடன் கேட்கப் போனால் மேலாளர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். வாங்காத கடனுக்கும் வரலாறு உண்டு!

இதற்கும் விதி இருக்கிறது. ஒப்புதலின்றிக் கார்டைச் செயல்படுத்திக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். சிபில் அறிக்கையில் உள்ள பிழையைப் புகார் கொடுத்த 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஆகவே, புகாரை எழுத்தில் கொடுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். அபராதம் போடும் உரிமை வங்கிக்கு மட்டும் இல்லை.